பணிவும் பணியும்

தமிழிலே பணி என்னும் சொல் இரு பொருள் தருவது. செய்தொழில் என்பது ஒன்று; தாழ்ந்து வணங்குதல் என்பது மற்றொன்று. கையாற் செய்யும் வேலையையும் தலையாற் செய்யும் வணக்கத்தையும் ஒரே சொல்லாற் குறித்த முன்னோர், இவ்விரண்டும் தம்முட் பிரியாதவை என்று கருதினர் போலும். பணிவிடை என்னும் சொல்லில் இவ்வுறவு இன்னும் தெளிவாய்ப் புலப்படுகின்றது. பணிவில்லாத பணி கூலிவேலையாகலாம், கொடையாகலாம், அதிகாரமும் ஆகலாம், பணிவிடை மட்டும் ஆகாது.

திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படையைக் கையில் ஏந்தித் திருக்கோவில்தோறும் புற்செதுக்கித் திரிந்த வரலாற்றைச் சைவ நன்மக்கள் நன்கறிவர். செந்தமிழ்ப் பதிகங்களைப் பாடிய அப்பெருமகனாரே புல்லையுஞ் செதுக்கினார் என்பதுதான் அவ்வரலாற்றின் அழகு. கிறிஸ்தவ சமயத்திலும் இக்கருத்து நடுநாயகமாய் விளங்குகின்றது. ஊரிலுள்ள சிறு கோவிலை நடுவாகக் கொண்டு, அதனைச் சூழ்ந்து வாழும் மக்கள் ஒருவருக்கொருவர் செய்யும் பணிவிடை எத்தகையது? அஃது எங்கிருந்து பிறந்தது? இலங்கைத் திருநாட்டில் எவ்வாறு வேரூன்றியது? இவையே இப்பேச்சின் பொருளாகும்.

இயேசுநாதர் பாடுபட்டு மரிப்பதற்கு முந்திய இரவு, எருசலேம் நகரிலே ஒரு மேல்வீட்டறையிற் பந்தி ஆயத்தமாயிருந்தது. அந்நாட்டு வீதிகள் புழுதி நிறைந்தவை. மக்கள் அணிந்தவை திறந்த பாதரட்சைகள். ஆகவே விருந்துக்கு வருவோரின் கால்களைக் கழுவும் வழக்கம் இருந்தது. அது வீட்டு அடிமைகளின் வேலை. அன்றைய பந்தியில் அடிமை எவனும் இல்லை. தண்ணீர் இருந்தது, பாத்திரம் இருந்தது, துடைக்கத் துணியும் இருந்தது. பன்னிரு சீடர் இருந்தும் எழுந்து அவ்வேலையைச் செய்வார் ஒருவரும் இல்லை. தம்முள் யார் பெரியவர் என்ற வாக்குவாதமும் அதே பந்தியில் எழுந்தது என்று லூக்கா சுவிசேஷகர் குறிக்கின்றார். பெரியவர் யார் என்று ஆராயும் இடத்திலே கால்கள் கழுவப்படாமல் இருப்பது இயல்பே.

அவ்வேளையிற் குருவானவர் எழுந்தார். மேலாடையைக் களைந்தார், துணியை இடையிற் கட்டினார், தண்ணீரை வார்த்தார், ஒவ்வொருவர் முன்னும் முழந்தாளிட்டுக் கழுவித் துடைத்தார். யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரம் இதனை விரித்துரைக்கின்றது. அங்கே ஊன்றி நோக்கற்பாலன மூன்று.

ஒன்று, இயேசுநாதர் தாம் எங்கிருந்து வந்தவர், எங்கே செல்பவர் என்பதை முற்றும் அறிந்த நிலையிலேயே இதனைச் செய்தார் என்று சுவிசேஷகர் கூறுதல். தாழ்வு மனப்பான்மையாற் குனிந்தவர் அல்லர் அவர். தமது உயர்வு எவராலும் பறிக்கப்படாதது என்று அறிந்தவர். ஆதலாற் குனிய அஞ்சாதவர். உள்ளத்தில் உறுதியில்லாதவனே தன் இருக்கையை இறுகப் பற்றிக் கொள்கிறான்.

இரண்டு, காட்டிக் கொடுக்கப் போகும் யூதாஸ் அப்போது பந்தியிலேதான் இருந்தான். அவன் உள்ளத்தை அறிந்திருந்தும் அவன் கால்களை அவர் விலக்கவில்லை. தகுதியுடையோரைத் தெரிந்தெடுத்துச் செய்வது பணிவிடை அன்று என்பது இதனாற் பெறப்படும்.

மூன்று, இராயப்பர் என வழங்கும் பேதுரு தம் கால்களைக் கழுவ இடங்கொடேன் என்று மறுத்தமை. அது பணிவு போலத் தோன்றும். ஆயினும் ஆண்டவர் அதனை ஏற்கவில்லை. கழுவ இடங்கொடாதவனுக்குத் தம்மோடு பங்கில்லை என்ற கருத்துப்படக் கூறிவிட்டார். பிறருக்கு உதவுவதில் முன்னிற்பவர் பலர், தாம் உதவி பெறுவதில் நாணுகின்றனர். உதவி பெற நாணுகின்றவர், உதவி பெறுகின்றவனைத் தம்மிலும் கீழானவனாகவே உள்ளூர எண்ணுகின்றார். ஆகவே கால் கழுவ விரும்புகிறவர் முதலில் தம் காலை நீட்டக் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று கத்தோலிக்க கோவில்களிலே இந்நிகழ்ச்சி சடங்காக நினைவு கூரப்படுகின்றது. 1955ஆம் ஆண்டிற் பரிசுத்த வாரச் சடங்குகள் திருத்தப்பெற்றபோது, இது மாலைப் பூசையிலேயே இடம்பெறலாயிற்று. 2016ஆம் ஆண்டின் கட்டளையால் ஆடவரோடு மகளிரும் இதற்குத் தெரிந்தெடுக்கப்படலாம் என்றாயிற்று. சடங்கு அழகியது. எனினும் கோவிலுக்கு வருமுன் வீட்டிலேயே சவர்க்காரமிட்டுக் கால்களை நன்கு கழுவிக்கொண்டு வருபவரே அச்சடங்கில் அமர்கின்றனர். புழுதி படிந்த கால்களோ கோவிலுக்கு வெளியே, வயலிலும் வாடியிலும் வைத்தியசாலைக் கட்டிலிலும் கிடக்கின்றன. சடங்கு முடிந்த பின்னரே வேலை தொடங்குகிறது.

ஆதித் திருச்சபையும் இவ்வேலையை விரைவிலேயே சந்திக்க நேர்ந்தது. எருசலேமிலே நாள்தோறும் உணவு பங்கிடப்பட்டபோது, கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படாது விடப்பட்டனர் என்ற முறைப்பாடு எழுந்தது. கிறிஸ்தவ சபையில் எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் குறிக்கும் முதற் பிணக்குகளுள் இஃது ஒன்று. அப்பிணக்கு வேதாந்த நுட்பம் பற்றியதன்று, சோறு பற்றியது, அதிலும் மொழியால் வேறுபட்ட ஏழைகளுக்குச் சோறு கிடையாமை பற்றியது. அப்போஸ்தலர் அதனை அற்ப காரியம் என்று தள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்து, செபம் பண்ணி, தலைமேற் கைகளை வைத்து அவர்களை ஏற்படுத்தினர். உணவு பரிமாறும் வேலைக்கு நற்சாட்சியும் ஞானமும் பரிசுத்த ஆவியின் நிறைவும் உடையவர்களே வேண்டுமென்று கேட்கப்பட்டது.

கிரேக்க மொழியிலே பந்தி பரிமாறுவோனுக்கு வழங்கிய சொல்லே பின்னர்த் திருச்சபையின் ஒரு பதவிக்குப் பெயராயிற்று. தியாக்கோன் என்றும் உதவிக்காரர் என்றும் தமிழிலே வழங்குவது அதுவே. கெங்கிரேயா என்னும் துறைமுக ஊரின் சபைக்கு ஊழியக்காரியாய் இருந்த பெபேயாள் என்ற பெண்மணியை உரோமாபுரிச் சபையாருக்குப் பவுலடிகள் பரிந்துரைக்கும்போது, அவள் பலருக்கும் தமக்கும் ஆதரவாயிருந்தவள் என்று நன்றியோடு கூறுகின்றார். பெரும் போதகர் ஒருவர் ஓர் ஊர்ச்சபையின் பெண்மணியிடம் உதவி பெற்றதை மறைக்காமல் எழுதி வைத்தார். இராயப்பர் முதலில் நாணிய இடத்திலே பவுலடிகள் நாணவில்லை.

இனி இலங்கையை நோக்குவோம். யாழ்ப்பாணமும் மன்னாரும் 1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பட்டன. ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரை நாட்டைவிட்டு அகற்றினர். குருவானவருக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று பிரசித்தம் செய்தனர். கோவில்கள் கைமாறின. பூசையில்லை; பாவசங்கீர்த்தனம் இல்லை; மரிப்பவர் அருகிருந்து ஆறுதல் கூறக் குருவில்லை. இந்நிலை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்தது. மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, தேவமாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டினூடே சென்று மடுப்பகுதியிலே குடியேறியதும் அக்காலத்தில்தான் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வுருவத்தைத் தலையிற் சுமந்தவர் யார், வழியிற் சோறாக்கியவர் யார், குழந்தைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதை எந்த ஏடும் கூறவில்லை. ஆயினும் அவர்கள் இல்லையேல் அந்தச் சமயம் அங்கே இல்லை.

இந்நிலையைக் கேள்வியுற்று மனமுருகியவர் யோசேவாஸ் அடிகளார். கோவை நாட்டிலே பெனாவுலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1676ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றவர். கல்வியும் குலமும் வாய்ந்த அவர், 1687ஆம் ஆண்டிலே கூலியாள் போல வேடந்தரித்து, யோவான் என்னும் பணியாளொருவருடன் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறினார். கப்பற் பயணத்தில் இருவரும் கடும் நோய்வாய்ப்பட்டனர். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவர்கள் பிச்சைக்காரராய், நோயாளராய், பிறர் அணுக அஞ்சும் நிலையிலே ஒதுக்குப்புறத்திற் கிடந்தனர். பெண்ணொருத்தி இரங்கிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவர்களைப் பிழைக்கச் செய்தாள் என்று அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர்.

இச்செய்தியை விரைந்து கடந்து செல்லலாகாது. இலங்கைக்குத் தொண்டு செய்ய வந்த பெருந்தொண்டர், இலங்கையில் முதன்முதற் செய்தது தொண்டன்று; தொண்டு பெற்றதே. மண்ணிலே கிடந்து, பெயரறியாத ஒருத்தி கையிலிருந்து கஞ்சியை வாங்கிக் குடித்தார். அவள் ஊர் எதுவென்று திட்டமாகச் சொல்வாரில்லை. அந்தக் கஞ்சிச் சிரட்டை இல்லையாயின் பின்வந்த இருபத்துநான்கு ஆண்டுப் பணியும் இல்லை. அடிகளார் பின்னர் நோயாளரைத் தொட்ட கை, தானும் நோயுற்று நீண்ட கையாகும்.

உடல் தேறிய அடிகளார் கழுத்திலே செபமாலையை அணிந்து வீடுவீடாய்ப் பிச்சையேற்றார். அம்மாலையைக் கண்டு யார் முகம் மலர்கின்றது, யார் கண் கலங்குகின்றது என்று நோக்கி, மறைந்திருந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை மக்கள் அவரைத் தம் ஊரில் வைத்துக் காத்தனர். பகலிலே மறைந்திருந்து இரவிலே பூசை செய்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே பூசைக்காகக் கூடியிருந்தோர் மீது ஒல்லாந்தப் படையாட்கள் பாய்ந்தனர். அடிகளார் அவர்கள் கைக்கு அகப்படவில்லை. வீடு கொடுத்தோரும் கூடியிருந்தோருமே அகப்பட்டனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் கசையடிபட்டனர், அவ்வடியினால் உயிர்நீத்தாரும் உளர். விருந்தோம்பல் என்னும் சிறு பணிக்கு அன்று கொடுக்கப்பட்ட விலை அது.

அடிகளார் பின்பு புத்தளம் சென்று, 1692ஆம் ஆண்டிலே கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றன் என்று ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். காலப்போக்கில் அவர் குற்றமற்றவர் என்பது தெளிந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1697ஆம் ஆண்டிலே கண்டி நகரை வைசூரி நோய் பற்றியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டிலும் வெளியிலும் கொண்டுபோய் விட்டனர். அக்காலத்திலே அம்மை குத்தும் மருத்துவ முறை இந்நாட்டிற்கு வந்திலது. நோயைக் கண்டோர்க்கு ஓடுவதன்றி வேறு வழி தெரியவில்லை. எட்வேட் ஜென்னர் கண்ட தடுப்புமுறை பிறந்ததே அதற்கு ஒரு நூற்றாண்டின் பின், 1796ஆம் ஆண்டிலேயே.

அடிகளாரும் அவர் மருகரான யோசே கர்வாலோ சுவாமியாரும் ஓடவில்லை. கைவிடப்பட்ட வீடுகளையும் புதிதாய் இட்ட கொட்டில்களையும் மருத்துவச்சாலைகள் ஆக்கினர். நோயாளரைத் தூக்கிவந்து கிடத்தினர், புண்களைக் கழுவினர், கஞ்சி காய்ச்சி ஊட்டினர், அழுக்கை அகற்றினர், இறந்தோருக்குக் குழி வெட்டி அடக்கம் செய்தனர். புத்தரை வணங்குபவரா, கிறிஸ்துவை வணங்குபவரா என்று கேட்டுக் கஞ்சி ஊற்றவில்லை. யாழ்ப்பாணத்து மண்ணிலே தாம் பெற்ற கஞ்சியைக் கண்டி நகரத்திலே ஆயிரம் மடங்காய்த் திருப்பிக் கொடுத்தார் அடிகளார் எனலாம். அவருடைய பிரசங்கம் வெல்லாத உள்ளங்களை அந்தக் குழிவெட்டும் மண்வெட்டி வென்றது. அரசனும் அவர்பால் மதிப்புடையனானான்.

ஆயினும் அடிகளாரின் பணியிலே மிக நீடித்து நின்றது கண்டியிற் செய்த அருஞ்செயல் அன்று. ஊர்தோறும் அவர் விட்டுச்சென்ற எளிய ஒழுங்கே. நாடு பெரிது, பாதைகள் கொடியன, குருமாரோ மிகச் சிலர். ஓர் ஊருக்கு ஒரு முறை வந்து சென்றால், மறுமுறை வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். இடைக்காலத்திலே சபையைத் தாங்குவார் யார்? ஊர்மக்களே. கோவிற் காரியங்களைக் கவனிக்க மூப்பர் ஒருவர். செபமும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுக்க அண்ணாவியார் ஒருவர். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டுதல், சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தல், மரிப்பவர் அருகிருந்து செபித்தல், இறந்தவரை அடக்கம் செய்தல், பிணக்குற்றோரைப் பொருத்துதல், ஏழைகளை விசாரித்தல் ஆகிய யாவும் அவர்கள் கடன். அவர்கள் குருமார் அல்லர்; உழவரும் மீனவரும் தச்சருமாய்த் தம் தொழிலால் உண்டு வாழ்ந்தோர்.

1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் இவ்வண்ணாவிமார்க்கு வேண்டிய நூல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி உதவினார். அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தபசு காலத்திலே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இன்றும் உருக்கமான இராகத்தோடு படிக்கப்பட்டு வருகின்றது. படிப்பவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். தந்தையிடமோ அயலவரிடமோ கேட்டுப் பழகிய ஊரவரே. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கியது ஆங்கிலேயர் ஆட்சியில், 1806ஆம் ஆண்டில். 1658ஆம் ஆண்டு முதல் அதுவரை ஒரு நூற்றைம்பது ஆண்டுகள் இந்தச் சபை அழியாதிருந்தது. குருமாரின் வீரம் அதற்கு ஒரு பாதிக் காரணம். மூப்பரும் அண்ணாவியாரும், கோவிலைக் கூட்டிய கிழவியும், நத்தார் இரவில் வீட்டைத் திறந்து கொடுத்தவரும் மறுபாதி.

அடிகளாரை மேலான ஆயர் பொறுப்பில் அமர்த்த முயற்சி நடந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. 1711ஆம் ஆண்டு சனவரி மாதம் 16ஆம் நாள் கண்டியிலே மரித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று பிரகடனம் செய்தபோது, பெருந்திரளான மக்கள் கடற்கரையை நிறைத்து நின்றனர். எனினும் அவர் புதைக்கப்பட்ட இடம் இதுவே என்று சுட்டிக் காட்டுவார் இன்றும் இல்லை. எத்தனையோ பேருக்குத் தம் கையாற் குழிவெட்டியவரின் குழியை எவரும் அறியார்.

இவ்வரலாறு இன்றைய ஊர்க்கோவிலுக்கு எதனைக் கற்பிக்கின்றது? கோவிற்பணி என்றவுடன் பீடத்தின்முன் நிற்போரும் மேடையிற் பேசுவோருமே கண்முன் வருகின்றனர். விடியற்காலையிலே கதவைத் திறப்பவர், மணியடிப்பவர், தரையைக் கூட்டுபவர், திருநாளன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர், செத்தவீட்டிலே கதிரை சுமந்து கஞ்சி வார்ப்பவர், படுக்கையிற் கிடக்கும் முதியவருக்கு வாரந்தோறும் போய் முகம் காட்டுபவர் ஆகியோர் எண்ணப்படுவதில்லை. வின்சென்ற் டி போல் சபை 1833ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து மாணவர் சிலரால், பிரெடெரிக் ஒசானாம் என்பாரை முன்னிட்டுத் தொடங்கப்பட்டது. அதன் அங்கத்தினர் ஏழைகளின் வீடுகளுக்கு இருவர் இருவராய்ச் செல்வது வழக்கம். எவர் வீட்டிற்கு என்ன கொடுத்தனர் என்பதை வெளியே சொல்லார். பெறுபவனுடைய முகத்தைக் காப்பாற்றுவதும் கொடையின் பகுதியே என்ற உண்மையை அவ்வழக்கம் உணர்த்துகின்றது.

ஆயினும் கோவிற்பணியிலே ஓர் ஆபத்து உண்டு. பணிக்கென்று ஏற்பட்ட பதவி நாளடைவிலே மரியாதைக்கென்று ஆகிவிடுதல் உலக இயற்கை. மூப்பர் என்பது சுமையாய் இருந்த காலம் போய்ச் சிறப்பாய் ஆன ஊர்களும் உண்டு. திருநாட் கொடியேற்றத்திலே யாருக்கு முதலிடம், சுற்றுப்பிரகாரத்திலே யார் தேரின் எந்தப் பக்கம் பிடிப்பது, அன்பளிப்புப் பட்டியலிலே யார் பெயர் மேலே வருவது என்ற பிணக்குகள் எழும்போதெல்லாம், அந்த மேல்வீட்டறையின் வாக்குவாதம் மீண்டும் எழுகின்றது. அப்போதும் தண்ணீரும் துணியும் ஒரு மூலையிற் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

இதனினும் கொடிய ஆபத்து ஒன்றுண்டு. எவர் காலைக் கழுவுவது என்று ஆராய்தலே அது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ சமூகத்திலே சாதி வேறுபாடு கோவில் வாசலோடு நின்றுவிடவில்லை என்பது யாவரும் அறிந்த செய்தி. இருக்கையிலும் பந்தியிலும் கிணற்றிலும், சில ஊர்களிலே சவக்காலையிலுங்கூட அது புகுந்தது. தன் சாதியானுக்கு உதவுபவன் தன் வீட்டிற்கே உதவுகின்றான்; அதற்குச் சுவிசேஷம் வேண்டியதில்லை. தான் ஒருபோதும் கைநனையாத வீட்டிற்குச் சென்று, அவர்கள் கொடுக்கும் தேநீரை வாங்கிக் குடித்து, அவர்கள் நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பவனே அந்தத் துணியை இடையிற் கட்டியவன். அரிசி மூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வராமல் திரும்புபவன் கொடையாளியாகலாம், பணியாளன் ஆகான். யோசேவாஸ் அடிகளார் கஞ்சியை வாங்கிக் குடித்தபோது, கொடுத்தவள் குலத்தைக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

துன்ப காலம் இவ்வேறுபாடுகளைச் சிறிது நேரமேனும் அழிக்கின்றது. அன்று மாந்தையிலிருந்து அகதிகளாய் வந்தோர்க்குப் புகலிடமான அதே மடுவளவு, 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் போரினால் இடம்பெயர்ந்த பல்லாயிரவர்க்குப் புகலிடமாயிற்று. 1995ஆம் ஆண்டிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, கோவில்களும் பள்ளிக்கூடங்களும் நிரம்பி வழிந்தன. அங்கெல்லாம் ஒரே கிடாரத்திற் சமைத்த சோற்றை எல்லாரும் உண்டனர். வரிசையில் முன்னே நின்றவர் யார் மகன் என்று அகப்பை கேட்கவில்லை. போர் முடிந்து வீடு திரும்பியபின் அந்தப் பந்தியை நினைவில் வைத்திருப்பதா மறப்பதா என்பதே ஒவ்வோர் ஊர்க்கோவிலின் முன்னும் இன்று நிற்கும் கேள்வி. அஞ்சி ஒதுங்கிய காலத்திலே ஒன்றாய் உண்டவர், அமைதிக் காலத்திலே வேறாய் உண்பாராயின், அவர்களை ஒன்றாக்கியது அன்பன்று, அச்சமே என்றாகிவிடும்.

நேயர்களே, பணிவு என்பது மெல்லப் பேசுவதிலும் கைகட்டி நிற்பதிலும் இல்லை. தன்னைத் தானே இகழ்ந்து கூறுவதிலும் இல்லை. அது செயலிலே காணப்படுவது. அதிலும் எவரும் காணாத செயலிலே நிலைபெறுவது. சிரட்டையிற் கஞ்சி கொண்டுவந்த பெண்ணின் பெயரைச் சரித்திரம் மறந்துவிட்டது. அவள் காப்பாற்றிய பிச்சைக்காரரோ இந்நாட்டின் முதற் புனிதராய்ப் போற்றப்படுகின்றார். இருவருள் யார் பெரியவர் என்று ஒருவர் கேட்பாராயின், அவருக்கு விடை கூறுதல் எளிதன்று. அந்த மேல்வீட்டறையிலே குனிந்தவர் அக்கேள்விக்கு வாயினால் விடை சொல்லுமுன் கையினாற் சொன்னார். ஊர்க்கோவில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் இருக்கின்றது, பாத்திரம் இருக்கின்றது, துணியும் இருக்கின்றது. எழுந்திருப்பவர் மட்டுமே வேண்டும்.